அரை மாத வாடகைக்கு ஒரு தரகர்: கும்பகோணத்து அனுபவம்

கும்பகோணத்தில் சொந்த வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டை, அதாவது முற்றத்தைத் தாண்டி இருக்கும் பின்பகுதியை, ஒரு தரகர் மூலமாக வாடகைக்கு விட்டோம். எங்களிடம் அரை மாத வாடகை, குடிவந்தவரிடம் அரை மாத வாடகை என்று வாங்கிக்கொண்டார். அந்தக் காசுக்கு அவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதுதான் இங்கே விஷயம். பெயர் போடப் போவதில்லை. இன்னமும் எங்கள் தெரு வழியாகத்தான் மொபெட்டில் போய் வருகிறார், பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறார். தவிர, நான் சொல்லப்போகும் குறை இந்த ஊரில் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதும் அல்ல. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வீடு சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் நாலரை.

முதலில் வீடு. நாகேஸ்வரன் கோயில் பக்கத்துப் பழைய தெருக்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அகலம் குறைச்சல், நீளம் ஜாஸ்தி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை, கடைசியில் பின்சந்தில் திறக்கும் கொல்லை வாசல். மாமனார் காலத்தில் அறுவடை முடிந்தால் இரண்டாம் கட்டில் நெல் மூட்டை அடுக்க இடம் இருக்காதாம். இப்போது நிலமும் இல்லை, நெல்லும் இல்லை, நானும் என் கணவரும் மட்டும். நான் ஒரு உதவி பெறும் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் புனேயில் இருக்கிறான். முதலில் அவன்தான் ஒரு விளம்பரச் செயலியில் வீட்டைப் போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு வந்த போன் எல்லாம் தரகர்களிடமிருந்து. சரி, தரகர்தான் என்றால் முகம் தெரிந்த தரகராக இருக்கட்டும் என்று இந்த மனிதரைக் கூப்பிட்டோம்.

மனிதர் வந்ததும் திண்ணையில் உட்காரவில்லை, காப்பியும் வேண்டாம் என்றார். "கொல்லை வாசலைக் காட்டுங்க டீச்சரம்மா" என்று நேராகப் பின்னால் போனார். சந்தில் இறங்கி வண்டி திரும்புமா என்று பார்த்தார். தெருவிளக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது, எரிகிறதா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டார். அப்புறம்தான் உள்ளே வந்தார். "வர்றவங்க உங்க கூடத்தைத் தாண்டித்தான் போவணும்னா மூணு மாசம்கூடத் தாங்க மாட்டாங்க. கொல்லை வாசலையே அவங்களுக்கு வாசலாக்கிடுங்க. சாணி தெளிச்சுக் கோலம் போட அங்கே இடம் இருக்கணும்" என்றார். நாங்கள் கொல்லை வாசலைக் குப்பை வண்டிக்காகத் தவிரத் திறந்ததே இல்லை. அந்தப் படியைச் சீர் செய்து, மேலே ஒரு விளக்குப் போட்டு, அழைப்பு மணி வைக்க ஆன செலவு சொற்பம். வீடு பார்க்க வந்தவர்கள் முதலில் கவனித்தது அதைத்தான்.

அடுத்தது நடுக்கதவு. முதல் கட்டுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே பழைய தேக்குக் கதவு ஒன்று. தாழ்ப்பாள் எங்கள் பக்கம் மட்டும். அது போதும் என்றுதான் என் கணவர் சொன்னார். தரகர் விடவில்லை. தச்சரைக் கூட்டிவந்து, அந்தப் பக்கமும் ஒரு நல்ல தாழ்ப்பாள் போடவைத்தார், அதுவும் உயரத்தில் இல்லாமல் கைக்கு எட்டுகிற இடத்தில். "வர்ற பொண்ணு ராத்திரி அதைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் படுக்கும், பாருங்க" என்றார். வாடகைச் சட்டமும் இதே போக்கில்தான் போகிறது: வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். கிணற்றடியில் இருக்கும் கறிவேப்பிலை மரம் இப்போது அவர்கள் பக்கம். நான் நட்டதுதான், இருந்தாலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் பறிக்கப் போகிறேன்.

கூரையைப் பார்த்துச் சொன்னதும் அவர்தான். எங்களுடையது நாட்டு ஓடு. பத்தாயம் இருந்த அறையின் மூலையில் சுவரில் லேசாகப் பழுப்பேறியிருந்ததை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூடல்வாய்த் தகரம் போயிடுச்சு. இப்ப வைகாசி, தெரியாது. ஐப்பசியில பாத்திரம் எடுத்து வைப்பாங்க, அப்புறம் உங்களைக் கூப்பிடுவாங்க" என்றார். இரண்டு சரிவும் சேரும் இடத்தில் மழைத் தண்ணீரை முற்றத்துக்குத் தள்ளிவிடும் தகரம் அது. நாட்டு ஓடு பிரித்து அடுக்கத் தெரிந்த ஆட்கள் இன்று டவுனில் குறைவு. பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அனுப்பிவைத்தார். அந்தப் பெரியவர் பழைய ஓடுகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டுப் பிரித்தார். கணீரென்றால் இந்தப் பக்கம், மொத்தையாகச் சத்தம் வந்தால் அந்தப் பக்கம். உடைந்ததற்கு மாற்று ஓடு இடித்த வீடுகளிலிருந்து வந்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. இதற்குத் தரகர் தனியாகக் காசு எதுவும் கேட்கவில்லை. பெரியவரிடம் அவர் ஏதாவது வாங்கியிருப்பாரோ என்று என் கணவருக்குச் சந்தேகம். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

வாடகையை நான் 9,000 என்று நினைத்திருந்தேன். அவர் 6,500க்கு மேல் போகாது என்றார். கார் வராத சந்து, இந்தியன் டாய்லெட், சமையலறையில் மேடை இருக்கிறது, ஆனால் சிங்க் இல்லை. சிங்க் வைத்துக் குழாய் இழுத்த பிறகும் 6,500தான். அட்வான்ஸ் மூன்று மாதம், 19,500. சட்டத்தில் சொல்வதும் மூன்று மாதம்தான், தனியாகப் பேசி எழுதிக்கொண்டால் ஒழிய. சென்னையில் பத்து மாதம் வாங்கிப் பழகியவர்கள் இங்கே அந்தக் கணக்கைச் சொன்னால் ஆள் திரும்பிப் பார்க்காது.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதல் தடவை வாடகைக்கு விடுபவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்வது இங்கேதான். எங்களுக்கு இருப்பது ஒரே மின் இணைப்பு. தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போதைக்கு, குடியிருப்பவர் பக்கம் ஓடும் யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டும் சப் மீட்டர் வைத்தோம். ஆயிரம் ரூபாய்க்குள் டிஜிட்டல் மீட்டரே கிடைக்கிறது. எங்களுடையதில் முகப்பிலேயே 3200 என்று அச்சிட்டிருக்கிறது. அதிலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று கணக்கு. குடியிருப்பவர் வீட்டுச் சிறுமி சாயங்காலம் அதைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பாள், கிரைண்டர் போட்டால் வேகமாக மினுக்குகிறது என்று கண்டுபிடித்து என்னிடம் வந்து சொன்னாள்.

யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவது? தரகர் யோசிக்காமல், "பத்து ரூபா போடுங்க, எல்லாரும் அப்படித்தான்" என்றார். இங்கே நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. நாங்கள் மீட்டர் வைத்தபோது இருந்த கணக்கு இது: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை குறைந்த விலை. 500ஐத் தாண்டிவிட்டால் அந்தக் குறைந்த விலைப் படியே இல்லாமல் போய், 101லிருந்தே அடுத்த படியின் விலை ஏறிவிடும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் கோடையில் 500 சுலபமாகத் தாண்டும். அப்படித் தாண்டுவதற்கு அவர்கள் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்கள்? அதனால் நாங்கள் செய்வது இது: பில் வந்ததும் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, அவர்கள் சப் மீட்டரில் ஓடிய யூனிட்டால் பெருக்கி, அந்தத் தொகையை மட்டும் வாங்குகிறோம். இலவச யூனிட்டும் இதில் தானாகவே பங்காகிவிடுகிறது. பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். தண்ணீர் மோட்டார் எங்கள் மீட்டரில் ஓடுகிறது, அதற்கு மாதம் 100 ரூபாய் என்று பேசிக்கொண்டோம். இதுவரை இதில் ஒரு வார்த்தை தடித்ததில்லை.

இனி குறை. வீட்டைப் பார்த்துவிட்டுத் தரகர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஆளுங்களாப் பார்க்கட்டும் டீச்சரம்மா?" என்பது. அவர் கேட்டது வேலையைப் பற்றி இல்லை என்பது எனக்கும் தெரியும், இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியும். நான் சொன்னேன்: "மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வரணும், மோட்டாரைப் போட்டுட்டு மறக்கக் கூடாது. வேற ஒண்ணும் இல்லைங்க." தலையை ஆட்டினார். ஆனால் அவர் கூட்டிவந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. வாசலில் நின்றதுமே, "நாங்க சைவங்க" என்று தாங்களாகவே சொன்னார்கள், யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியதுபோல. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு ஆள் வந்த பிறகு ஒருநாள் காய்கறி வாங்கும் இடத்தில் என்னிடம் படித்த பெண் ஒருத்தியைப் பார்த்தேன். நர்ஸாக இருக்கிறாள், கணவர் செல்போன் பழுது பார்க்கிறவர், ஒரு கைக்குழந்தை. "டீச்சர், உங்க தெருவுல கொல்லைப்பக்கம் ஒரு வீடு வாடகைக்குன்னு கேட்டேன். சைவம் மட்டும்தான், வீட்டுக்காரம்மா ரொம்பக் கண்டிப்புன்னு சொல்லிட்டாங்க" என்றாள். அது எங்கள் வீடு என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கண்டிப்பான வீட்டுக்காரம்மா நான்தான் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவள் கிறிஸ்தவப் பெண். மீனும் கறியும் சாப்பிடுகிற எத்தனையோ வீடுகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். என் பெயரைச் சொல்லி, என்னைக் கேட்காமல், என் மாணவியை வாசலுக்கு வராமலே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

தரகரிடம் கேட்டேன். மழுப்பவில்லை. "தெருவுல நாலு பேரு கேப்பாங்க டீச்சரம்மா. நாளைக்கு உங்களுக்கும் சங்கடம், அவங்களுக்கும் சங்கடம். என்னைத்தான் ஏசுவாங்க. நான் இந்தத் தெருவுல இன்னும் பத்து வீட்டைப் பார்த்தாவணும்" என்றார். அவருடைய பிழைப்பின் நியாயம் அவருக்கு. ஆனால் கமிஷன் கொடுத்தது நான், அந்த நாலு பேர் இல்லை. வீட்டுக்கு யார் வருவது என்பதை அவர் எனக்காக முடிவு செய்துவிட்டார். ஐந்தில் ஒன்றரை மார்க் முழுசாகப் போனது இதற்குத்தான்.

மீதி அரை மார்க் ஒப்பந்தப் பத்திரத்துக்கு. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் தயாராக அடித்துக்கொண்டு வந்தார். படித்துப் பார்த்தால் நடுவில் "மேற்படி கடையில்" என்று வருகிறது. ஏதோ கடை வாடகைப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வீட்டில் எது பழுதானாலும் குடியிருப்பவர் செலவு என்று ஒரு ஷரத்து. வாடகை தவறினால் மின்சாரத்தை நிறுத்தலாம் என்று இன்னொன்று. பதினோரு மாதம் என்று போட்டால் எங்கும் பதிய வேண்டியதில்லை என்று வாய்மொழியாக ஒரு உத்தரவாதம்.

இந்தப் பதினோரு மாதக் கதை 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்திலிருந்து வருகிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் பழக்கம். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1960ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போயிற்று. இப்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. அதற்கென்று இணையதளம் இருக்கிறது, பதிந்தால் ஒரு எண் கொடுக்கிறார்கள். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் அந்த எண்தான் பேசும். பாக்கி வைத்தாலும் சரி, தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பழுதுகளை அது பட்டியலாகவே பிரித்துக் கொடுத்திருக்கிறது. சுவர், கூரை, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் நம் தலையில். குழாய் வாஷர், சுவிட்சு, கதவுப் பூட்டு, அடைத்த சாக்கடை அவர்கள் பொறுப்பு. இதைத் தரகரிடம் காட்டியபோது, "இதெல்லாம் மெட்ராசுக்குங்க" என்றார்.

பத்திரத்தை நானே திருப்பி எழுதினேன். முப்பது வருடம் கட்டுரை நோட்டுத் திருத்திய கை, விடுமா!

குடிவந்தவர் சுவாமிமலையில் ஒரு பட்டறையில் ஐம்பொன் சிலை வேலை செய்கிறவர். மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள். ஆனி கடைசியில் வந்து பார்த்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் ஆவணி வரை யாரும் குடிபோக மாட்டார்கள் என்று தரகர் எங்களை விரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் சொன்னதும் நிஜம்தான். எங்கள் எதிர்வீட்டு மாடி ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்தது. வந்தவருக்கு ஒரு கேள்வி இருந்தது. அதை அவர் தரகரிடம் கேட்காமல், தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "சாயங்காலம் வீட்டுல உக்காந்து மெழுகு வேலை பார்த்துக்கலாமாம்மா?"

சிலையை முதலில் மெழுகில்தான் உருவம் செய்வார்கள். மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பதமாக்கி, அதில் விரலும் தோளும் நகையும் பிடித்து, அப்புறம் மண் கவசம் பூசி, சூடேற்றி மெழுகை வெளியே ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. தரகர் உடனே, "வீட்டுல தொழில் பண்ணா ஆகாது, கரண்ட்டை கமர்ஷியல் ஆக்கிடுவாங்க" என்று பயமுறுத்தினார். நான் வந்தவரைச் செய்து காட்டச் சொன்னேன். பையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்தார். உள்ளங்கைச் சூட்டிலேயே இளக்கி, ஒரு சின்னக் கத்தியால் அபய ஹஸ்தம் ஒன்றைப் பிடித்துக் காட்டினார், சுண்டுவிரல் அளவு இருக்கும். சத்தம் இல்லை, புகை இல்லை, லேசாகக் குங்கிலிய வாசனை. அங்கேயே கையால் எழுதிச் சேர்த்தோம்: "கையால் மெழுகு உருவம் செய்யலாம். அடுப்பில் மெழுகு உருக்குவது, உலை, உலோக வேலை கூடாது." இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். எங்களுடையது ஓட்டு வீடு, மரச்சட்டம். நெருப்பு என்றால் எனக்குப் பயம் உண்டு, அதை அவரும் ஒத்துக்கொண்டார்.

வருமான வரி பற்றி ஒரு வரி. வாடகையைக் கணக்கில் காட்ட வேண்டும். அந்தப் பகுதிக்குக் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு தருகிறார்கள். ஓட்டு வேலை, தாழ்ப்பாள், தரகர் கமிஷன் எல்லாம் அந்த முப்பதுக்குள் அடக்கம், தனியாக ரசீது வைத்துக் கழிக்க முடியாது.

இப்போது பதினோரு மாதம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம், 6,800 வாடகைக்கு. பத்திரம் நான் எழுதினேன், பதிவு வேலையை மகன் புனேயிலிருந்து செய்து கொடுத்தான். விஷயம் தெரிந்து தரகர் வந்தார், புதுப்பிப்புக்குக் கால் மாத வாடகை கொடுப்பது வழக்கம் என்றார். எந்த வேலைக்கு என்று கேட்டேன். "அடுத்த தடவை ஆள் வேணும்னா என்னையத்தானே கூப்பிடுவீங்க?" என்றார். கூப்பிடத்தான் செய்வேன், ஓட்டுக் கூரையைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஒரு நிபந்தனை சொன்னேன்: வீடு கேட்டு அவரிடம் வருகிற எல்லோருடைய போன் நம்பரும் என் கைக்கு வர வேண்டும், யாரை வரச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்வேன். அதற்குச் சம்மதம் என்றால் கால் மாதக் காசை இப்போதே தருகிறேன் என்றேன். "பார்ப்போம் டீச்சரம்மா" என்று வண்டியைக் கிளப்பினார். இன்னும் பதில் வரவில்லை. நீங்கள் யாராவது அவரிடம் போனால், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே இந்த நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள். ஓட்டு வீடாக இருந்தால் அந்தப் பாபநாசத்துப் பெரியவரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.